தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில அசெஸ்மெண்ட் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கட மகனுக்கு ஓட்டிசம் இருக்கா எண்டு பாக்க திருகோணமலையில இருந்து கொழும்புக்குப் போய் வந்த தாய் நான். முதல்ல காது டெஸ்ட் செய்விச்சவை, அது சரிதான், பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாத பிள்ளைக்குக் காது கேக்குதா எண்டு பாக்காம மேல போக ஏலாதுதானே. பிறகுதான் அசெஸ்மெண்ட். இதுக்கு ரத்த டெஸ்ட், ஸ்கேன் எண்டு ஒண்டும் இல்ல, பிள்ளை விளையாடுறதப் பாத்தும் தாய் தகப்பனிட்டக் கேட்டும்தான் முடிவெடுக்கிறது. அவை குடுத்த விளையாட்டுக் காரை மகன் கவிட்டு வச்சு ஒரு சில்லை மட்டும் சுத்திக்கொண்டே இருந்தான், டொக்டர் உடன குறிச்சுக்கொண்டா. ஆனா படத்தைக் காட்டி நாய் எங்க, பந்து எங்க எண்டு கேட்டது சிங்களத்தில! உப்புவெளியில வீட்டில தமிழ் மட்டும் கேட்டு வளந்த பிள்ளை எப்பிடிச் சுட்டிக் காட்டும்? நான் தமிழில சொல்லப் போக, பேசாம இருங்கோ எண்டு கையால காட்டினவை. பிள்ளை சுட்டிக் காட்டேல்ல எண்டதும் ரிப்போர்ட்டில சேந்துதான் வந்திருக்கு.

ஓட்டிசம் இருக்கலாமோ எண்டு முதல்ல பாக்கிறதுக்கு எம்-சாட் எண்டு 20 கேள்வி ஃபோர்ம் ஒண்டு இருக்கு, 16 மாசத்தில இருந்து 30 மாசம் வரையான பிள்ளையளுக்கு. ஊசி போடப் போற கிளினிக்கிலயே இத தாய்மாரிட்டத் தமிழில கேக்கலாம், பெரிய செலவில்ல, சந்தேகம் வந்தா மட்டும் மேல அனுப்பினாப் போதும். அதோட தமிழ் கதைக்கிற ஸ்பீச் தெரபிஸ்ட் ஒராளை எங்கட மாவட்டத்துக்கு நிரந்தரமாப் போடச் சொல்லி மாகாண சுகாதார அமைச்சைக் கேக்கிறம்.

ஒரு தாய்,
உப்புவெளி, திருகோணமலை