ஒன்றரை நிமிடப் பாட்டும் விசாவின் சிறு எழுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் மியூசிக்கல் தியேட்டர், அதாவது பாட்டும் நடனமும் நடிப்பும் சேர்ந்த மேடை நாடகம், படிப்பது பற்றித் தங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரை, கட்டணத்தையும் கல்லூரிப் பெயர்களையும் சொன்னது. பிளஸ் டூ மதிப்பெண் இருந்தால் போதும் என்று அதைப் படிக்கும் பெற்றோர் நினைத்துவிடக் கூடும். இந்தப் படிப்பில் இடம் கிடைப்பது, தேர்வாளர் முன் பாடி, ஆடி, நடித்துக் காட்டும் ஆடிஷனைப் பொறுத்தது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் அதற்கும் முன்பே பிரீஸ்கிரீன் என்ற வீடியோ சல்லடை இருக்கிறது.

அதில் பெரும்பாலும் கேட்பது, ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாடல்கள், ஒரு தனி வசனம், கொஞ்சம் நடனம். பாடல் ஒவ்வொன்றும் 60 முதல் 90 விநாடிதான். முழுப் பாட்டை அனுப்பிவிட்டு, உச்சம் மூன்றாவது நிமிடத்தில் வருகிறது என்று சொல்லிப் பயனில்லை. ஒவ்வொன்றையும் வெட்டி ஒட்டாமல் ஒரே டேக்கில் எடுக்க வேண்டும். மொசைக் தரைக் கூடம் எதிரொலிக்கும். சுவரில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டால் அடங்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பியானோ டிராக் (பதிவு செய்த பின்னணி இசை) ஓடும் ஸ்பீக்கரைப் படம் எடுக்கும் போனை ஒட்டி வைத்தால் குரல் அமுங்கிவிடும். கல்யாண மண்டப எக்கோ ஆகவே ஆகாது.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது சுருதியில். 'எனக்கு ஐந்து கட்டை' என்று ஒரே சுருதியில் பழகியவர், எந்தப் பாட்டையும் அந்தச் சுருதியில் தூக்கி வைத்துப் பாடிவிடுகிறார். வெளிநாட்டு ஆடிஷனில், இசைத்தாளில் எழுதியிருக்கும் கீ, அதாவது பாட்டின் சுருதி, அதுதான் கணக்கு. ஐந்து கட்டை என்றால் மேற்கத்திய இசையில் ஜி என்ற ஸ்வரம். கீயை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தாளையும் புதிய கீயிலேயே அச்சிட்டுக் கொண்டுபோக வேண்டும். நேரடி ஆடிஷனில் பியானோ வாசிப்பவரிடம் 'அரைக்கட்டை ஏற்றுங்கள்' என்று கேட்கக் கூடாது. உதிரித் தாள்கள் விசிறிக் காற்றுக்கே பறக்கும், ஃபைலில் கோத்துத் தொடக்கமும் முடிவும் குறித்துக் கொடுங்கள். வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்குவது அங்கே மரியாதைக் குறைவு. முதல் அடியை மெல்லப் பாடிக் காட்டினால் அவர் பிடித்துக்கொள்வார். நீட்டும் ஸ்வரத்தில் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) புகுந்தால், கேட்பவர் அதைச் சுருதி பிசகு என்றே எடுத்துக்கொள்வார்.

கூத்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது எட்டாத படிப்பு என்று நினைப்பதும் தவறு. பாட்டு, அடவு, வசனம் மூன்றையும் ஒரே உடம்பில் விடிய விடியத் தாங்குவது புரிசை முதலான பழைய வட ஆற்காட்டு ஊர்களின் வித்தை. முகவீணை என்ற ஊதுகருவிக்கு ஈடுகொடுத்த குரல் அரங்கின் கடைசி வரிசைக்குத் தானாக எட்டும். குறைவது இரண்டு. ஒன்று, மேற்கத்திய இசைத்தாளைப் படிக்கும் பழக்கம். மற்றது கால். பாலே என்ற மேற்கத்திய நடனத்தில் குதித்து இறங்கும்போது முன்பாதம் முதலில் பட்டு, பிறகு குதிகால் இறங்கி, முழங்கால் மடங்க வேண்டும். பாதம் முழுவதையும் தரையில் அறைந்தே பழகியவர் அப்படியே இறங்கினால் முழங்கால் கெடும். போவதற்கு முன் ஓராண்டாவது பாலே அடிப்படை வேண்டும்.

கட்டுரை தொடாதது விசா. பிரிட்டன் மாணவர் விசாவில் பட்டப்படிப்பு மாணவர் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் மேடைக் கலைஞராக வேலை செய்யக் கூடாது, சுயதொழிலும் கூடாது. கடையில் பில் போடலாம், படித்த தொழிலைச் செய்து சம்பாதிக்க முடியாது! ஊர்ச் சங்க விழாவில் பணம் வாங்கிக்கொண்டு பாடினாலும் விதிமீறல்தான். பாடத்திட்டத்தின் பகுதியான மேடையேற்றம் வேறு. ஆகவே 'பகலில் படிப்பு, மாலையில் நாடகத்தில் சம்பாத்தியம்' என்று கணக்குப் போட்டுக் காட்டும் ஏஜென்ட்டிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்ததும், படித்த துறையில் வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதி 12 மாதம். பொறியியல் மாணவருக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இதற்கு இல்லை. அந்த 12 மாதத்தில் வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. நாடக வேலை ஆறு வாரம் இருந்தால் இரண்டு மாதம் இராது என்பதால் இந்த 90 நாள் சீக்கிரம் கரைந்துவிடும்.

பிரிட்டன் விசாவுக்கு வங்கியில் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். காசநோய்ச் சோதனையை அந்நாட்டு அரசு பட்டியலிட்ட மையத்தில்தான் எடுக்க வேண்டும். உள்ளூர் எக்ஸ்ரே செல்லாது.

அடுத்த கல்வி இணைப்பில் கல்லூரிப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஆடிஷன் விதிகளையும் வேலை விதிகளையும் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர் ஒருவர்,
காட்பாடி, வேலூர்.