ஆர் செய்முறைத் தேர்வும் ஏறாத தொகுப்புகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புள்ளியியலில் மட்டுமன்றி உயிரித் தொழில்நுட்பம், வணிகவியல், வேளாண்மை எனப் பல துறைகளிலும், புள்ளியியல் கணிப்புக்கான ஆர் என்னும் நிரல்மொழி இன்று செய்முறைத் தாளாக இடம்பெற்றிருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் தொடங்கிவைத்து, 2000 பிப்ரவரி 29 அன்று 1.0.0 பதிப்பாக வெளிவந்த இம்மொழி, விலையின்றிக் கிடைப்பதால் சிறிய ஊர்களின் கல்லூரிகளுக்கும் வந்து சேர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் செய்முறை வகுப்பில் மாணவர்களை அதிகம் கலங்கவைப்பது மாறுபாட்டுப் பகுப்பாய்வும் அன்று, தொடர்புப்போக்கும் அன்று. ‘பேக்கேஜ் லோடு ஆகவில்லை’ என்று அவர்கள் சொல்லும் அந்த முதல் வரிச் சிக்கல்தான். குறிப்பிட்ட வேலைகளுக்கான கட்டளைகளின் திரட்டே தொகுப்பு (பேக்கேஜ்); நிறுவிய தொகுப்பைப் பயன்படுத்தும் முன் அதை ஏற்ற (லோடு செய்ய) வேண்டும். இதைப் பற்றிப் பொதுவெளியில் பேச வேண்டிய தேவை இருப்பதாக எண்ணியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு கல்லூரிக்குப் புறத்தேர்வாளராகச் சென்றிருந்தேன். தேர்வு தொடங்கிய சில நிமிடங்களில் ஒரு மாணவி கையை உயர்த்தி, “மேடம், ஜிஜிபிளாட்-2 இல்லை என்று வருகிறது” என்றார். வரைபடங்கள் வரைவதற்கான தொகுப்பு அது. அடுத்தடுத்த கணினிகளிலும் அதே செய்தி. ஆய்வக உதவியாளர் பதறிப்போனார். முதல்நாள் மாலை ஒவ்வொரு கணினியிலும் அவரே அமர்ந்து தொகுப்புகளை நிறுவி, இயக்கியும் பார்த்திருக்கிறார். அவர் சொன்னது உண்மை. அவர் தம்முடைய பயனர் கணக்கில் நுழைந்து நிறுவியிருந்தார். மாணவர்களோ மாணவர் கணக்கில் நுழைந்திருந்தார்கள். விண்டோஸில் ஆர் நிறுவப்பட்டிருக்கும் பொதுக் கோப்புறையில் எழுத அனுமதி இல்லாதபோது, ‘உங்களுக்கென்று தனி நூலகம் அமைத்துக்கொள்ளவா?’ என்று ஆர் கேட்கும்; நூலகம் என்பது தொகுப்புகளை வைக்கும் கோப்புறை. ‘ஆம்’ என்றால் தொகுப்பு அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் போய்விடும். பிறகு அவருக்கு அது கிடைக்கும். அடுத்தவர் கண்ணுக்கு அது இல்லாத பொருள்.

புள்ளியில் தொடங்கும் லிப்பாத்ஸ் என்ற ஒற்றைக் கட்டளையை இரண்டு கணக்குகளிலும் இயக்கிப் பார்த்தோம். எந்தெந்தக் கோப்புறைகளில் தொகுப்பைத் தேடுகிறது என்பதை ஆர் அதில் வரிசையாகக் காட்டிவிடும். இரண்டு பட்டியல்களிலும் முதல் வரி வேறாக இருந்தது. சிக்கல் அங்கேயே வெளிச்சமாகிவிட்டது. நிர்வாகி உரிமையுடன் ஆரைத் திறந்து பொது நூலகத்தில் ஒரே முறை நிறுவியதும் எல்லாருக்கும் தொகுப்பு ஏறியது. ஆனால் அதற்குள் முக்கால் மணி நேரம் கரைந்துவிட்டது. தவறு துளியும் இல்லாத அந்தப் பிள்ளைகளின் முகங்களை இன்னும் மறக்க முடியவில்லை. ஆருடன் சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸ் தொகுப்பைக் கொண்டே, வினாவில் கேட்டிருந்த கட்டப்படத்தை (பாக்ஸ் பிளாட்) வரைந்துவிட முடியும் என்பது கையை உயர்த்திய மாணவிக்குத் தெரிந்தே இருந்தது; வினாத்தாளில் ஜிஜிபிளாட்-2 என்று அச்சிட்டிருந்ததால் அவருக்குத் துணிவு வரவில்லை.

ஆரின் பதிப்பு மாறும்போதும் இதே குழப்பம் நேர்கிறது. சொந்த நூலகக் கோப்புறையின் பெயரில் பதிப்பு எண்ணின் முதல் இரண்டு பகுதிகள் இருக்கும். 4.3 பதிப்பிலிருந்து 4.4 பதிப்புக்கு மாறினால் ஆர் புதிய கோப்புறையைத் தேடும். பழைய தொகுப்புகள் பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்க, மாணவரோ எல்லாம் அழிந்துவிட்டதாக அஞ்சுவார். புதிய பதிப்பில் அவற்றை மீண்டும் நிறுவிக்கொள்வதே முறை. தேர்வுக்கு முந்தைய வாரம் ஆரைப் புதுப்பிக்கும் நல்லெண்ணத்தை மட்டும் ஆய்வகப் பொறுப்பாளர்கள் தயவுசெய்து தள்ளிவைக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ஜிஜிபிளாட்-2 ஏறவில்லை என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே, ஆர்லாங் என்னும் துணைத் தொகுப்பின் பழைய பதிப்பு ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது, ஆனால் அதைவிடப் புதியது தேவை என்று இன்னொரு வரி வரும். மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயர் இருக்கும் வரியை மட்டும் படித்துவிட்டு ஜிஜிபிளாட்-2 தொகுப்பையே மூன்று முறை, நான்கு முறை நிறுவிக்கொண்டிருப்பார்கள். நோய் அங்கே இல்லை. புதுப்பிக்க வேண்டியது ஆர்லாங். அதிலும், இயங்கிக்கொண்டிருக்கும் அமர்வில் ஆர்லாங் ஏறியிருக்கும் வரை விண்டோஸ் அதன் கோப்பை மாற்ற விடாது. புதுப்பிப்பு பாதியில் நின்று, இருந்ததும் கெட்டுப்போவதுண்டு. ஆரை முழுவதுமாக மூடி, மறுபடி திறந்து, வேறெந்தத் தொகுப்பையும் ஏற்றுவதற்கு முன் ஆர்லாங்கை நிறுவினால் இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை இது. செய்தியை முழுமையாக வாசித்தவருக்கே அந்த இரண்டு நிமிடங்கள் வாய்க்கும். ஆங்கிலத்தில் வரும் அந்த வரிகளை வகுப்பில் ஒவ்வொன்றாகத் தமிழில் விளக்கிச் சொன்னால் பிள்ளைகள் மிக விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன்.

எங்கள் ஆய்வகக் கணினிகளில், ஆரை இயக்கப் பயன்படும் ஆர்-ஸ்டூடியோ என்னும் மென்பொருள் பிழையையும் எச்சரிக்கையையும் வெறும் தகவலையும் ஒரே சிவப்பு நிறத்தில் காட்டுகிறது. தரவைச் சீரமைக்கும் டிபிளையர் தொகுப்பை ஏற்றும்போது, ஆருடன் வரும் ஃபில்டர், லேக் ஆகிய செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) மறைக்கப்படுவதாக வரும் அறிவிப்பு பிழை அன்று. தொகுப்பு வேறொரு ஆர் பதிப்பில் கட்டப்பட்டது என்ற எச்சரிக்கையும் பெரும்பாலும் வேலையைத் தடுப்பதில்லை. சிவப்பைக் கண்டதுமே கைவிடும் மாணவருக்கு இந்த வேறுபாட்டை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

செய்முறைக் கையேடுகளைத் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தொகுப்பை ஏற்ற லைப்ரரி என்ற கட்டளையையே எழுதுங்கள்; ரிக்வயர் என்று எழுதாதீர்கள். தொகுப்பு இல்லையென்றால் லைப்ரரி அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். ரிக்வயரோ ஓர் எச்சரிக்கையுடன் ‘பொய்’ என்ற மதிப்பைத் திருப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பத்து வரிகள் தள்ளி, செயற்கூறு காணப்படவில்லை என்ற வேறொரு பிழையாக அது வெடிக்கும்போது மாணவர் தேடுவது தவறான இடத்தில். பழைய கையேடுகளைப் புதுப்பிப்பதும் இதைப் போலவே முக்கியம். நிலவரைபடப் பகுப்பாய்வுக்குப் பயன்பட்ட ஆர்ஜிடால், ஆர்ஜியாஸ், மேப்டூல்ஸ் ஆகிய மூன்று தொகுப்புகளும் 2023 அக்டோபரில் விலக்கிக்கொள்ளப்பட்டு, அவற்றின் இடத்தில் எஸ்எஃப், டெர்ரா போன்றவை வந்துவிட்டன. ஆனால் இன்றும் அந்தப் பழைய பெயர்களுடன் ஆய்வு மாணவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

தமிழருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மடிக்கணினியில் தன் பெயரைத் தமிழ் எழுத்திலேயே பயனர் பெயராக வைத்திருந்த மாணவர் ஒருவருக்கு, நிறுவிய தொகுப்பு எதுவுமே ஏறவில்லை. கோப்புறை முகவரியில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் நின்றன. விண்டோஸின் பழைய எழுத்துக்குறி முறைகளில் தமிழுக்கு இடமே இல்லை. அந்த முறைகளை நம்பியிருந்த ஆர் பதிப்புகளால் தமிழ் முகவரியைப் படிக்க இயலவில்லை. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பு முதல், அண்மைக்கால விண்டோஸில் ஆர், தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 முறைக்கு மாறிவிட்டது. பெயரை ஆங்கிலத்தில் மாற்றிக்கொள் என்று அவரிடம் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அது தேவையற்ற அறிவுரை. ஆரைப் புதுப்பித்தோம், தொகுப்புகள் ஏறின, அவர் பெயர் தமிழிலேயே இருக்கிறது.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் செய்ய வேண்டியவை எளியவை. செய்முறை வினாத்தாளின் தலைப்பிலேயே ஆர் பதிப்பும் தேவையான தொகுப்புகளின் பெயர்களும் அச்சிடப்பட வேண்டும். தேர்வுக்கு முதல்நாள் ஒவ்வொரு கணினியிலும் மாணவர் கணக்கில் நுழைந்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு தொகுப்பையும் ஏற்றிப் பார்த்துத் துறைத்தலைவர் கையொப்பமிட வேண்டும். மறுதொடக்கத்தில் பழைய நிலைக்கே திரும்பும்படி பூட்டப்பட்ட கணினிகளாக இருந்தால், மறுதொடக்கம் செய்த பிறகே இந்தச் சோதனை நடக்க வேண்டும். தேர்வின்போது தொகுப்பு ஏறாமல் போனால் இழந்த நேரத்தை மாணவருக்குத் திருப்பித் தரவும், ஆருடன் வரும் அடிப்படைத் தொகுப்புகளைக் கொண்டே விடையளித்தாலும் முழு மதிப்பெண் வழங்கவும் தேர்வாளர்களுக்கு எழுத்துப்பூர்வமான அறிவுறுத்தல் வேண்டும். அடுத்த பருவத் தேர்வுக்கு முன்பே இது நடைமுறைக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புள்ளியியல் பேராசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி