பனியில் நின்றுவிட்ட குருவியும் நம் கமராக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழின் முன்பக்கத்தில் பனி மூடிய கிளையில் உட்கார்ந்திருக்கும் பால்ரிமோர் ஓரியோல் ஒன்றின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அருமையான படம், எடுத்தவருக்குப் பாராட்டுகள். ஆனால் படத்துக்குக் கீழே தெருவின் பெயரையும், எந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில் என்ற அடையாளத்தையும் சேர்த்து அச்சிட்டுவிட்டீர்கள். நானும் அதே தெருவில்தான் இருக்கிறேன். அதன் பிறகு அங்கே நடந்ததைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் இந்தக் குருவியைத் தெரியாதவர்கள் குறைவு. எங்கள் பேஸ்போல் அணியான புளூ ஜேய்ஸோடு விளையாட வரும் பால்ரிமோர் அணியின் தொப்பியில் இருப்பது இதுதான். மே மாதத் தொடக்கத்தில் வரும், உயர்ந்த மரங்களில் பை போலத் தொங்கும் கூடு பின்னும், ஓகஸ்ட், செப்ரெம்பரில் தெற்கே போய்விடும். புளோரிடா, கரீபியன் தீவுகள், மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி எல்லாம் அதன் குளிர்கால இடங்கள். ஜனவரியில் ஸ்காபரோவில் ஒன்று நிற்கிறது என்றால் எங்கோ பிசகியிருக்கிறது. சிறகில் அடிபட்டிருக்கலாம், பிந்திப் பொரித்த குஞ்சாக இருக்கலாம், முதல் பயணத்திலேயே திசை தவறிய இளம் பறவையாக இருக்கலாம். சாப்பாடு வைப்பதால்தான் போகாமல் நிற்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. புறப்படும் காலத்தை அதற்கு முக்கியமாக உணர்த்துவது பகல் சுருங்குவதுதான். தட்டில் உணவு இருப்பதால் நல்ல நிலையில் உள்ள பறவை பயணத்தை விட்டுவிடுவதில்லை.

அது வந்து போவது எங்கள் தெருவில் ஒரு அக்காவின் பின்வளவுக்கு. அவர் தோடம்பழத்தைப் பாதியாக வெட்டி மதில் பலகையில் ஆணியில் குத்தி வைக்கிறார். ஓரியோல் பழம் தின்னும் விதமே தனி. மூடிய அலகைச் சதைக்குள் குத்தி, உள்ளே வைத்து அலகைத் திறந்து, ஊறி வரும் சாற்றை நாக்கால் நக்கும். பழம் உறைந்து கல்லாகிவிட்டால் இது நடக்காது. அதனால் அக்கா உறைந்த பாதியை உள்ளே எடுத்து, புதிய பாதியை வைத்துக்கொண்டே இருக்கிறார். கூடவே ஒரு கரண்டி திராட்சை ஜெலி, கொழுப்புக் கட்டி, உலர்ந்த புழு. அவருடைய குசினி யன்னலுக்குப் பின்னால் நின்று லென்ஸ் வழியாகப் பார்த்தேன். செட்டைகளை உப்ப வைத்து, ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்து, மற்றக் காலில் நின்றது. அலகில் ஒட்டிய ஜெலியைக் கிளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துத் துடைத்தது. நெஞ்சு மங்கலான செம்மஞ்சள், சிறகில் இரண்டு வெள்ளைக் கோடுகள். இளம் பறவை என்றுதான் நினைக்கிறேன்.

30, 40 கிராம் எடையுள்ள உடல் அது. வெளியே மறை 15 பாகை என்றாலும் உள்ளே 40 பாகைக்கு மேல் சூட்டை வைத்திருக்க வேண்டும். இந்த நாட்களில் எங்களுக்குப் பகல் ஒன்பது மணித்தியாலம், இரவு பதினைந்து. அந்த ஒன்பதில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்து, நடுங்கி நடுங்கித்தான் பதினைந்தையும் தாண்டுகிறது. இருட்டுவதற்கு முந்திய ஒரு மணித்தியாலமும், விடிந்தவுடன் வரும் ஒரு மணித்தியாலமும் அதற்கு மிக முக்கியம். படம் எடுக்கும் நமக்கும் அதே நேரத்து மென்மையான சாய்ந்த வெளிச்சம்தான் வேண்டும். சிக்கல் இங்கேதான். பின்னேரம் நாலு மணிக்கு வேலியோரம் ஆட்கள் நின்றால் குருவி இறங்கி வராது. பசியோடே இரவுக்குப் போகும்.

உங்கள் இதழ் வெளிவந்த மறுநாளே கூட்டம் வந்துவிட்டது. ஒருவர் பறக்கும் படம் வேண்டும் என்று கை தட்டினார். இன்னொருவர் கைபேசியில் ஓரியோலின் பாட்டைப் போட்டு அழைத்தார். எழும்பிப் பறக்கும் ஒவ்வொரு தடவையும் கொழுப்பு வீணாகிறது. திறந்த வெளிக்கு வந்தால் கூப்பர் வல்லூறு வேறு சுற்றிக்கொண்டிருக்கிறது. அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, சனம் வேலிக்கு மேலால எட்டிப் பாக்குது. குருவி சாப்பிட வருதில்லை. நான் ஆரிட்டச் சொல்லுறது?"

படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அது பைத்தியம்தான். வீட்டுக்காரரின் அனுமதியோடு உள்ளிருந்து எடுங்கள். அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு வராது. யன்னலைத் திறக்காதீர்கள், உள்சூடு வெளியே போகும்போது காற்று அலையடித்துப் படம் கலங்கும். தெருவிலிருந்து என்றால் கார் எஞ்சினை நிறுத்தி, இறங்காமல் எடுக்கலாம். பனிப் பின்னணியில் கமரா எல்லாவற்றையும் சாம்பலாக்கும், வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். பிளாஷ் வேண்டாம். நாலு படம் எடுத்தால் போதும், பிறகு அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

பதிவு முக்கியம் என்பார்கள். உண்மைதான். கிறிஸ்மஸ் பறவைக் கணக்கெடுப்பு 1900இல் தொடங்கியபோதே ரொறன்ரோ அதில் இருந்தது, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கண்ட பறவைகளைப் பதியும் ஈபேர்ட் இணையத்தளத்தில் இன்றைய பறவையை இரண்டு கிழமை கழித்தும் திகதியோடு பதியலாம். பிந்தினால் அறிவியலுக்கு நட்டமில்லை. பத்திரிகையும் அப்படியே செய்யலாம்: நகரத்தின் பெயரோடு நிறுத்துங்கள், தெருவை அச்சிடாதீர்கள். வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்.

கடைசியாக ஒன்று. பகலில் கண்ணை மூடிக்கொண்டு தரையில் இருந்தால், கிட்டப் போயும் பறக்காவிட்டால், அந்தக் குருவிக்கு உதவி தேவை. மெதுவாகத் துணியால் மூடி எடுத்து, காற்றோட்டத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாத அறையில் வையுங்கள். தண்ணீரோ சாப்பாடோ வாயில் ஊட்ட வேண்டாம். அடிபட்ட காட்டுயிர்களைப் பராமரிக்கும் ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்ரருக்கு உடனே அழைத்து, அவர்கள் சொல்வது போலச் செய்யுங்கள். வசந்தம் வரும்வரை கூண்டில் வைத்து வளர்ப்போம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் வலசைப் பறவையை வீட்டில் வைத்திருப்பது இங்கே சட்டவிரோதம், அதை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் சாரதி,
ஸ்காபரோ