எனக்கு முன்னால் நடந்து போன பெரிய காலுக்காரருக்கு

வணக்கம்.

உங்கள் பெயர் தெரியாது, முகமும் தெரியாது. காலடி மட்டும் நன்றாகத் தெரியும்: என்னுடையதைவிட இரண்டு விரற்கடை நீளம், வலது குதிகாலில் தேய்மானம். ஜூன் முதல் வாரத்தில் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ஃபாரெஸ்டர் கணவாயைத் தாண்டிய அன்று உங்கள் தடத்தில் கால் வைத்துத்தான் நடந்தேன். "தனியாகவா போனாய்?" என்று யாராவது கேட்டு நான் ஆமாம் என்று சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் கூசுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

டிண்டால் ஓடைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தேன். விடிய 3 மணிக்கே கிளம்பிவிட்டேன். இரவெல்லாம் இறுகிய பனி அப்போது கல் மாதிரி தாங்கும், வெயில் ஏறினால் குழைந்துவிடும். பூட்ஸ் விறைத்துப்போய்க் கால் நுழையவே கால் மணி நேரம். போனையும் தண்ணீர் வடிகட்டியையும் தூங்கும் பைக்குள் என்னோடு படுக்க வைத்திருந்தேன். வடிகட்டிக்குள் இருக்கும் நுண்குழாய்கள் ஒருமுறை உறைந்தால் விரிசல் விட்டுவிடலாம், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்புறம் அந்தக் கரடி டப்பா, கரடியால் திறக்க முடியாத கெட்டி டப்பா. சாப்பாட்டை அதில் அடைத்துத்தான் சுமக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், ஆனால் அது முதுகில் இடிக்கிற இடிக்குக் கரடியே தேவலை என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

தலைவிளக்கு வெளிச்சத்தில் உங்கள் தடத்தைப் பார்த்ததும் அது முந்தின நாள் மதியத்துடையது என்று புரிந்துவிட்டது. சில இடங்களில் தொடைவரை புதைந்து, பக்கத்தில் கையூன்றி எழுந்து, நாலு எட்டு வைத்து மறுபடி புதைந்து, அத்தனையும் அச்சில் வார்த்த மாதிரி உறைந்து கிடந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், மதியத்தில் ஏன் ஏறினீர்கள்? சரி, உங்கள் அவஸ்தை எனக்குப் படிக்கட்டாயிற்று.

கணவாயின் உயரம் 4,009 மீட்டர். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை 2,650 மைல் நீளும் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் அதைவிட உயரமான இடம் கிடையாது. ஆனால் எனக்கு உயரம் பயமாக இல்லை, உச்சிக்குச் சற்றுக் கீழே பனி அடைத்துக் கிடக்கும் அந்தச் செங்குத்துச் சந்துதான் பயம். தாண்ட ஐந்து நிமிடம் போதும், வழுக்கினால் கீழே பாறை. மேல்சரிவுப் பக்கக் கையால் பனிக்கோடரியைக் குத்தி, ஒரு கால், மறு கால், மறுபடி குத்தி. அதுவரை தாண்டித் தாண்டி எட்ட வேண்டியிருந்த உங்கள் காலடிகள் அங்கே மட்டும் ஒரு முழ இடைவெளிக்குக் குறுகியிருந்தன. உங்களுக்கும் உதறியிருக்கிறது! எனக்கு அங்கே கிடைத்த தைரியம் அதுதான்.

உச்சியில் காற்று அடித்த அடியில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. வெயில் கீழே பனியில் பட்டு மேலே எழும்பும் என்று தெரிந்தும் மூக்குத் துவாரத்துக்குள் சன்ஸ்கிரீன் தடவ மறந்து இரண்டு நாள் எரிச்சல்பட்டது தனிக் கதை.

வடக்குப் பக்க இறக்கத்தில் பத்து மணிக்கெல்லாம் பனி இளகிவிட்டது. பப்ஸ் ஓடையில் வந்து சேரும் ஒரு சிற்றோடையை மூடியிருந்த பனியின்மேல் உங்கள் தடம் நேராகப் போனது. நானும் யோசிக்காமல் பின்னாலேயே போனேன். ஊன்றுகோலை ஊன்றியபோது சத்தம் பொள்ளென்று கேட்டது. நின்று காது கொடுத்தால் காலுக்கடியில் தண்ணீர் ஓடுகிறது. உங்கள் தடம் அக்கரையில் பத்திரமாக ஏறியிருந்தது, ஆனால் அது நேற்றைய பனி. பின்காலிலேயே திரும்பி, ஓடையோடு மேலே ஏறி, அகலமாக ஓடும் இடத்தில் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, முழங்கால் ஆழத்தில் கடந்தேன். விரல்களுக்கு உணர்வு வர அரை மணி நேரமாயிற்று.

அதன்பிறகு செய்ததுதான் வேடிக்கை. போனில் வரைபடம் இருக்கிறது, பள்ளத்தாக்கு கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கிறது, வழி தவற வாய்ப்பே இல்லை. ஆனாலும் நாற்பது நிமிடம் செலவழித்து உங்கள் தடத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் கீழே இறங்கினேன்.

மரங்கள் தொடங்கிய இடத்தில் பனி திட்டுத் திட்டாகி, தடம் சேற்றில் கலந்து போயிற்று. கடைசிக் குழிக்குள் ஊன்றுகோலின் நுனியில் மாட்டும் கறுப்பு பிளாஸ்டிக் வட்டு ஒன்று கிடந்தது, ஓரம் உடைந்திருந்தது. உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். என் பையின் பக்கவாட்டு ஜிப்பில் இன்னும் இருக்கிறது.