காசு கொடுத்து மேடு ஏறுகிறவர்கள்

போர்ட் டி பொயென்சா,
மயோர்கா தீவு, ஸ்பெயின்.

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அங்கே அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலமா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை மட்டும் நம்பிக்கொண்டு இருக்காமல் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள்.

போன் போட்டால் போதும், ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "ஏன்டா, பிளேன் டிக்கெட் எடுத்து வந்து, ஓட்டலில் ரூம் போட்டு, மேட்டில் போய் சைக்கிள் மிதிக்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் வேறு பிழைப்பே இல்லையா?" நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் உங்கள் கடைக்குப் பஞ்சர் வண்டி வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நான் வேலை செய்யும் கடை. அப்பா வைத்திருந்த வாடகை சைக்கிள் கடைதான் அண்ணா இதுவும், பெரிய இடத்து வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அப்பா மட்கார்டில் பெயிண்டால் நம்பர் எழுதி, எடுத்துப் போகிறவன் பெயரையும் நேரத்தையும் சிலேட்டில் குறித்துக்கொள்வார், தெரியாத ஆள் என்றால் வாட்சைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்வார். இங்கே பாஸ்போர்ட் நகலும் கிரெடிட் கார்டும். நம்பர் ஸ்டிக்கராக சீட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும். நல்ல கார்பன் வண்டி என்றால் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது யூரோ, நம் காசுக்கு மூவாயிரம் நாலாயிரம். எட்டு கிலோதான் எடை, ஒரு கையால் தூக்கி ஆணியில் மாட்டிவிடலாம். உங்கள் கடை வாசலில் நிற்கும் இருபத்திரண்டு இஞ்ச் பச்சை வண்டியை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு இதைப் படியுங்கள், வித்தியாசம் புரியும்.

வருகிறவர்கள் ஜெர்மனி, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, டென்மார்க்காரர்கள். அவர்கள் ஊரில் பனி கொட்டிக்கொண்டிருக்கும் பிப்ரவரியில் இங்கே பாதாம் மரம் பூத்துவிடும், அப்போது ஆரம்பிக்கிற கூட்டம் மே வரை குறையாது, பிறகு செப்டம்பர், அக்டோபர். நடுவில் ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் சைக்கிள்காரர்கள் குறைவு, கடலில் குளிக்க வருகிறவர்கள்தான். நவம்பரில் ஷட்டரை இறக்கிவிடுவோம், சீசன் திரும்பத் தொடங்கும்வரை அரசாங்கம் கொடுக்கிற வேலையில்லாப் படியில்தான் ஓட்ட வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தொட்டவர்கள் என்றால் நம்புவீர்களா? அதில் ஆம்பளைகள் நிறைய பேர் காலில் ஒரு முடி விடாமல் மழித்திருப்பார்கள். ஏன் என்று கேட்டேன், விழுந்தால் காயத்துக்குக் கட்டுப்போட வசதி என்றார்கள். எனக்கென்னமோ அது கெத்துக்குத்தான் என்று தோன்றுகிறது.

பட்டறை வேலை உங்களுக்குப் பிடிக்கும். சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது இங்கேயும் உண்டு, போக்கம்பியை விரலால் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்ப்பதில் நான்தான் கடையில் கெட்டிக்காரன், அது அப்பா கொடுத்தது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், இதில் மட்டும் உலகம் முழுக்க ஒரே சட்டம். ஆனால் டயருக்குள் டியூப் கிடையாது. ஒரு வெள்ளைத் திரவம் ஊற்றியிருக்கும், முள் குத்தினால் அதுவே போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், தண்ணீர்த் தொட்டி, உப்புத்தாள், சொல்யூஷன் ஒன்றுக்கும் வேலையில்லை. பெரிய தலைவலி பிரேக்தான். நம்மூரில் போலவே இங்கிலாந்துக்காரர்களுக்கு வலது கை முன் பிரேக், மற்ற ஐரோப்பியர்களுக்கு இடது கை. பழக்கமில்லாத வண்டியில் இறக்கத்தில் பதறி, பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கைப் பிடித்தால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போய்விடுவான். கம்பி பிரேக்காக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடலாம், இதெல்லாம் ஆயில் பிரேக், குழாயைக் கழற்றி மாற்றிக் காற்றை எடுத்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அதனால் புக் பண்ணும்போதே எந்தக் கை என்று கேட்டு எழுதி வாங்கிவிடுகிறோம். அப்புறம் சகாராப் பாலைவனத்திலிருந்து புழுதி கிளம்பிவந்து மழையோடு சேர்ந்து செந்நிறச் சேறாக இறங்குகிற நாள் ஒன்று உண்டு, அன்றைக்கு மொத்த வண்டியையும் திரும்பக் கழுவ வேண்டும், அன்று மட்டும் யாரும் என்னோடு பேசாமல் இருப்பது நல்லது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தீவின் வடமேற்கு ஓரம் முழுக்க மலைதான். திரமுந்தானா என்று பெயர், 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். உயரமான சிகரம் 1,400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நம் கொல்லிமலையைவிட அதிக வித்தியாசமில்லை. ஆனால் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்பதால் ஆளை மிரட்டும். அதில் எல்லோரும் ஏறத் துடிக்கிற மேடு சா கலோப்ரா. ஒன்பதரை கிலோமீட்டர், சராசரி ஏழு சதவீதம், அதாவது நூறு மீட்டர் போனால் ஏழு மீட்டர் உயர்ந்திருப்போம், 26 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 வளைவு எண்ணிப் பழகிய நமக்கு 26 என்ன பெரிய கணக்கு என்றுதான் நானும் நினைத்தேன். விஷயம் என்னவென்றால், இது ஊருக்குப் போகிற ரோடே இல்லை. மேலே கணவாயிலிருந்து கீழே கடலோரத்தில் இருக்கிற ஒரு சின்னத் துறைக்கு இறங்குகிறது, அங்கே ரோடு முடிந்துவிடுகிறது. திரும்ப வேண்டுமானால் அதே ரோட்டில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் படகு. ஆக ஏறுவதற்காகவே முதலில் இறங்க வேண்டும்! அந்தோனியோ பரியெத்தி என்ற இன்ஜினியர் போட்டது, 1932-ல் முடிந்தது, சுற்றுலாக்காரர்களுக்காகவே போட்ட ரோடு, பெரிய இயந்திரம் இல்லாத காலத்தில் பெரும்பாலும் ஆட்கள் கையாலேயே வெட்டியது. குகை குடையாமல் மலையின் வளைவை ஒட்டியே கொண்டுபோயிருக்கிறார், ஒரே சீராக ஏற்றம் வைக்க வேண்டுமென்று ஓரிடத்தில் ரோட்டை முக்கால் வட்டம் சுற்றிவிட்டு அதன் பாலத்துக்கு அடியிலேயே நுழைத்திருக்கிறார், கழுத்தில் டை முடிச்சுப் போட்ட மாதிரி. அதற்குப் பெயரே டை முடிச்சுத்தான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை எனக்கு லீவு. கூட வேலை செய்கிற அர்ஜென்டினாக்காரன் ஒருத்தன் வற்புறுத்த, இரண்டு பேரும் இருட்டோடு கிளம்பினோம். டூரிஸ்ட் பஸ்கள் பத்து மணிக்கு மேல் வரிசையாக இறங்க ஆரம்பித்துவிடும், அதற்குள் கீழே போய்விட வேண்டும். பொயென்சா ஊரைத் தாண்டினால் ஃபெமேனியா கணவாய், ஏழு கிலோமீட்டருக்கு மேல், ஓக் மரத்துக்குள்ளே மெதுவாக ஏறுகிற ரோடு, காலைக் குளிருக்குச் சுகமாகத்தான் இருந்தது. யுக் மடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க், அதன் கடையில் காபி குடிக்கிற சைக்கிள்காரர்கள்தான் எப்போதும் கூட்டம், பெட்ரோல் போடுகிற கார் குறைவு. பிறகு ஒரு பழைய கல் நீர்ப்பாலத்தின் வளைவு தெரியும், அங்கே வலதுபக்கம் திரும்பிக் கொஞ்சம் ஏறினால் கணவாய் உச்சி, 682 மீட்டர். அங்கிருந்து பார்த்தால் ரோடு முழுவதும் கீழே மடங்கி மடங்கிக் கிடக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது, பொய் சொல்லமாட்டேன்.

இறக்கத்தில் சும்மா பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போகக் கூடாது. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்துவிட்டு வளைவுக்குள் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் டிஸ்க் சூடேறிக் கத்த ஆரம்பிக்கும். கஸ்டமர்களுக்கு நான் தினமும் சொல்கிற பாடம், அன்று நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன். ரோட்டு நடுவில் ஆடுகள் நகராமல் நின்றன. இரண்டு பாறைக்கு நடுவே பஸ் உரசாமல் போவதே அதிசயம் என்கிற இடுக்கு ஒன்று வரும், அதற்குக் கொஞ்சம் கீழே கடல். பாறைக்குள் நடந்து போகிற குகைப்பாதை வழியாகப் போனால் பள்ளத்தாக்கு கடலில் சேருகிற கூழாங்கல் கரை, அவ்வளவு அழகான இடம். கஸ்டமர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். எனக்கு அதில்தான் கோபம், மலை ஏறுகிற பைத்தியம்கூட எனக்குப் புரிகிறது. நாங்கள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம்.

ஏற்றம். இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நம் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று. சமதரையில் சரி, மேட்டில் எவன் மிதிப்பான்? அதனால்தான் நமக்கு மேடு என்றாலே இறங்கித் தள்ளுவது. இந்த வண்டியில் முன்னால் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரமும் 34. பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரே சுற்று. நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் போகும், ஆனால் நிற்காமல் போகும். எந்த வயசுக்காரரும் மூச்சைக் கணக்குப் பண்ணி, காலைச் சுற்றிக்கொண்டே இருந்தால் உச்சிக்கு வந்துவிடலாம். பந்தயக்காரர்கள் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள், எங்கள் கஸ்டமர்களுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். எனக்கு அதற்கும் மேலே ஆனது. பாதி வழியில் ஒரு ஜெர்மன் அம்மா, என் வயசுக்கு இரண்டு மடங்கு இருக்கும், பக்கத்தில் வந்து "ஓலா" சொல்லிவிட்டுப் போனார். சீட்டுக்குக் கீழே பார்த்தால் எங்கள் கடை ஸ்டிக்கர், முதல்நாள் நான் செயின் மாற்றிக் கொடுத்த வண்டி, சத்தமே இல்லாமல் ஓடுகிறது. என்னைத் தாண்டிப் போகிறாரே என்பதைவிட செயின் அப்படி ஓடுகிறதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஜெல் என்று ஒரு பசையைக் கிழித்துக் குடிக்கிறார்கள், எனக்கு அண்ணி அனுப்பிய கடலைமிட்டாய் போதுமாக இருந்தது, அர்ஜென்டினாக்காரனும் பாதியைப் பிடுங்கித் தின்றுவிட்டான்.

அதனால் அண்ணா, இவர்கள் பைத்தியமும் இல்லை, பெரிய வீரர்களும் இல்லை. வருஷம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள், ஏறக்கூடிய வண்டியும் ஏறக்கூடிய ரோடும் கிடைத்திருக்கிறது, ஏறுகிறார்கள். போன வருஷத்தைவிட இரண்டு நிமிஷம் குறைந்தால் அன்றைக்கு அவர்களுக்குத் தீபாவளி. ஏப்ரல் கடைசியில் 312 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கிறது, ஐயாயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம், ஆயிரக்கணக்கில் வருவார்கள், அது மட்டும் கொஞ்சம் பைத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன். உள்ளூர்க்காரர்களுக்கும் சைக்கிள் புதுசு இல்லை. ஃபெலானிச் ஊரில் பிறந்த கியெம் திமொனெர் மோட்டார் பைக்குக்குப் பின்னால் ஓட்டுகிற பந்தயத்தில் ஆறு தடவை உலக சாம்பியன், தொண்ணூற்றேழு வயசுவரை வாழ்ந்து 2023-ல்தான் இறந்தார்.

எல்லாமே இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கார்காரர்கள் சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சட்டம், விடுகிறார்கள், ஆனால் வேலைக்கு நேரமாகிவிட்டவனுக்கு முன்னால் இருபது பேர் கூட்டமாகப் போனால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. வாடகை அதைவிட மோசம். வெளியூர்க்காரர்கள் வந்து வந்து வீட்டு விலை ஏறி, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே வீடு கிடைப்பதில்லை, 2024-ல் பால்மா நகரத்தில் பெரிய ஊர்வலமே போனார்கள். நான் மூன்று பேரோடு ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன், எனக்கு ஒரு கட்டில், பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. கறிவேப்பிலை பிழைத்துக்கொண்டது. அரிசியும் பருப்பும் பால்மாவில் ஒரு பாகிஸ்தான்காரர் கடையில் மொத்தமாக வாங்கிவந்துவிடுவேன். அந்த ஊர்வலக்காரர்கள் சொல்வதில் தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் என் சம்பளமும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது, என்ன செய்ய.

கடைசியாக வியாபார விஷயம். ஞாயிற்றுக்கிழமை நாமக்கல், சேலம் பையன்கள் கொல்லிமலை ஏற சைக்கிளில் வருகிறார்கள் என்று சொன்னீர்கள் இல்லையா, அவர்களுக்காக முன்னால் ஸ்பிரிங் வைத்த அந்தக் கனமான கியர் சைக்கிளை வாங்கிப் போடாதீர்கள். தார் ரோட்டில் அந்த ஸ்பிரிங் மிதிக்கிற பலத்தைத் தின்றுவிடும். பல் குறைந்த முன் செட்டும், 32 அல்லது 34 பல் வருகிற பின் செட்டும் இருக்கிறதா என்று மட்டும் டீலரிடம் கேளுங்கள். தனியாக வாங்கி மாட்டினால், பின்னால் செயினைப் பல் மாற்றிப் போடுகிற டீரெயிலர் கை அவ்வளவு பெரிய பல்லைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள், நீளம் போதாவிட்டால் செயின் சிக்கும். அடுத்த மாதம் திருச்சிக்கு வருகிற ஒருவரிடம் செயின் தேய்மானம் பார்க்கிற கேஜ் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். செயினில் வைத்தால் 0.75 பக்கம் முழுசாக உள்ளே இறங்கினால் செயின் முடிந்தது, உடனே மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். அவரிடமே அண்ணிக்குக் கொஞ்சம் பாதாமும் இருக்கிறது. திரும்பி வரும்போது பேளுக்குறிச்சிச் சந்தை மிளகு அரைக் கிலோவும், முடிந்தால் இன்னும் இரண்டு பாக்கெட் கடலைமிட்டாயும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி