தோப்பில் ஆடு மேய்க்க அவசரம் கூடாது

ஆசிரியருக்கு,

பேரையூர், உசிலம்பட்டி மானாவாரி நிலங்களில் மரக்கன்றும் ஆடும் ஒன்றாக வளர்க்கலாம். ஆனால் கன்று நட்ட ஆண்டிலேயே பட்டியைத் திறந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

வெள்வேல், வேம்பு, சவுண்டல் (சூபாபுல்) கன்றுகளை 15 அடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 190 கன்று வரை பிடிக்கும். இடையில் ஐப்பசி மழைக்கு முன் கொழுக்கட்டைப்புல் விதை 3 கிலோ, முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியின் விதை 2 கிலோ, இரண்டையும் மணலோடு கலந்து தூவலாம். மசால் விதையின் தோல் கெட்டி. அப்படியே தூவினால் பாதிகூட முளைக்காது. 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கொதிக்கும் நீர் ஆகாது, விதை வெந்துவிடும்.

மரக்கன்றின் நுனிக்கொழுந்து ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை புல்லை அறுத்துப் போடுவதே நல்லது. பிறகும் செம்மறிதான் தோதானது. வெள்ளாடு பின்னங்காலில் நின்று கொப்பை வளைக்கும், பட்டையை உரிக்கும். பட்டை சுற்றிலும் போனால் மரம் பட்டுவிடும். நிலத்தை நான்காகப் பிரித்து மாற்றி மேய்த்தால் புல் மறுபடி துளிர்க்கும்.

சவுண்டல் தழை தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஆட்டுக்கு முடி கொட்டும். மழைக்குப்பின் இளம்புல்லை ஒரேயடியாக மேயவிட்டால் துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய் வரும். அதற்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

மானாவாரி விவசாயி,
பேரையூர்