உன் கதைகள் அகப்பட்டன

அன்புள்ள மங்கை,

முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டாயாமே, இப்போது மாடி ஏற முடிகிறதா? இங்கே செம்பூரில் மழை விட்டபாடில்லை, துணி காயமாட்டேன் என்கிறது. பெரியவளுக்கு பவாயில் வேலை கிடைத்துவிட்டது.

சரி, முன்பு இணைய இதழில் வந்த உன் கதைகளைத் தேடித் தரச் சொன்னாயே, அந்த விஷயம். அந்த இதழ் மூடிப் பல வருஷமாகிறது. முகவரியைப் போட்டால் ஏதோ சூதாட்ட விளம்பரம் வருகிறது. ஆனாலும் உன் கதைகளில் மூன்று வேபேக் மெஷினில் அகப்பட்டன. அது சான் பிரான்சிஸ்கோவில் உள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் தளம். அவர்கள் 1996 முதல் வலைப்பக்கங்களைப் படியெடுத்து வைக்கிறார்கள். பழைய முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தத் தேதியில் எடுத்த படி இருக்கிறது என்று காலண்டர் போட்டுக் காட்டும்.

திறந்தால் தமிழையே காணோம்! ஐரோப்பிய எழுத்துகள், தலைமேல் கொம்பும் புள்ளியுமாக. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு பரவுமுன் டிஸ்கி, டேப் என்று ஆளுக்கொரு எழுத்துக் குறியீட்டு முறையில் ஏற்றினோமே, அதன் வினை. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தேன், இப்போது படிக்கலாம். கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுச் சரிபார்க்க நூலகங்களுக்கு வழி உண்டு. அதைத் திறந்து படிக்கும் மென்பொருள் வழக்கொழிந்து போவதுதான் பெரிய தலைவலி. வலைப்பக்கங்களில் அசையும் படம் காட்டிய ஃப்ளாஷ் மென்பொருளை 2020 கடைசியில் நிறுத்தினார்களே, அதில் செய்த பக்கங்களெல்லாம் அப்படித்தான் முடங்கின.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். 1954ஆம் வருஷச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றும் வெளியான 30 நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்குப் போகவேண்டும். நம் கன்னிமாராவுக்கும், டெல்லிக்கும், இங்கே மும்பை கோட்டைப் பகுதி டவுன் ஹாலில் இருக்கும் மத்திய நூலகத்துக்கும் ஆளுக்கொரு பிரதி. எவனோ எழுதிய எண்கணிதப் புத்தகத்துக்குக்கூட நாலு வீடு! இணையத்தில் மட்டும் வந்த உன் கதைக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. பிரிட்டனில் 2013இலேயே வலைத்தளங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் பொதுவில் காட்ட உரிமையாளர் அனுமதி தராத தளங்களை நூலகத்துக்குள் உட்கார்ந்துதான் பார்க்கமுடியும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை யாரோ தாக்க, அந்தச் சேமிப்பும் நெடுநாள் முடங்கியது.

அதனால் ஒரே இடத்தை நம்பாதே. ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய லாக்ஸ் திட்டத்தில், பல நூலகங்கள் ஒரே ஆய்விதழின் படிகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றில் பழுது தெரிந்தால் மற்றவற்றைக் கொண்டு சரிசெய்துகொள்ளும். நமக்கு அவ்வளவு வசதியெல்லாம் ஏது? யூனிகோடில் ஒரு படி உன்னிடம், ஒன்று என்னிடம், ஒன்று ஆர்க்கைவில்.

மிச்சக் கதைகளின் கையெழுத்துப் பிரதி உன் டிரங்குப் பெட்டியில் கிடக்கும், தேடு. போனில் படம் எடுத்து அனுப்பு, நான் தட்டச்சு செய்கிறேன். அப்புறம், அந்த இதழின் ஆசிரியர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியுமா? அவரிடம் முழுத் தொகுப்பும் இருந்தால் உன்னுடையது மட்டுமல்ல, எல்லாருடையதும் மிஞ்சும். விசாரித்து எழுது.

அன்புடன்,
கோமதி